ஈர மணலில் விழுந்த இரும்பு: தெர்மைட் செய்முறை விளக்கம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

தமிழ்நாட்டின் மாவட்டத் தலைநகர் ஒன்றில் உள்ள அரசு உதவி பெறும் கலை அறிவியல் கல்லூரியில் இது நடந்தது. வேதியியல் துறை, சுற்றுவட்டாரப் பள்ளிகளின் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களை அழைத்து நடத்திய திறந்த நாளில் தெர்மைட் வினையைச் செய்து காட்டினார்கள். உருகிய இரும்பும் மணலும் தெறித்ததில் ஓர் உதவிப் பேராசிரியருக்குக் கணுக்காலில் தீக்காயம் ஏற்பட்டது. வேறு யாருக்கும் காயமில்லை.

நான் அந்தக் கல்லூரியைச் சேர்ந்தவன் அல்ல. பக்கத்து ஊரில் வேதியியல் நடத்துகிறேன். துறைத் தலைவர் கேட்டுக்கொண்டதால், அங்கிருந்தவர்களிடம் தனித்தனியாகப் பேசியும், ஒரு மாணவர் கைபேசியில் எடுத்த காணொளியைப் பலமுறை பார்த்தும் இதை எழுதினேன்.

பின்னணி

பாடப் புத்தகத்தில் தெர்மைட் வினை சில வரிகளில் முடிந்துவிடும். ஃபெரிக் ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனை அலுமினியம் பிடுங்கிக்கொள்கிறது; உருகிய இரும்பும் அலுமினியம் ஆக்சைடும் கிடைக்கின்றன; தண்டவாளங்களை இணைக்க இது பயன்படுகிறது. தேர்வுக்கு இது போதும். ஆனால் இந்த வரிகளுக்குள் எவ்வளவு வெப்பம் இருக்கிறது என்பது மாணவருக்குத் தெரிவதில்லை. ஒரு மோல் ஃபெரிக் ஆக்சைடு வினைபுரியும்போது ஏறத்தாழ 850 கிலோஜூல் வெளிவருகிறது. கலவையின் எடையில் கணக்கிட்டால் கிராமுக்குச் சுமார் 4 கிலோஜூல். இரும்பு உருக 1538 டிகிரி செல்சியஸ் வேண்டும், அலுமினியம் ஆக்சைடு உருக 2072 டிகிரி வேண்டும். இந்த வினையில் இரண்டுமே திரவமாக வருகின்றன. கனமான இரும்பு அடியில் தங்க, அலுமினியம் ஆக்சைடு கசடாக மேலே மிதக்கிறது.

கார்பன் கலக்காத குரோமியமும் மாங்கனீசும் எடுக்க வழி தேடிய ஜெர்மானிய வேதியியலர் ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் 1895-இல் இதற்குக் காப்புரிமை கோரினார். 1899-இல் எஸ்ஸென் நகரத்து டிராம் தண்டவாளத்தை இந்த முறையில் பற்றவைத்தார்கள். நம் ரயில்வேயில் இன்றும் இது அன்றாட வேலை. தண்டவாளப் பிரிவில் ‘ஏ.டி. வெல்டிங்’ (அலுமினோ-தெர்மிக் வெல்டிங்) என்பார்கள்.

அந்த உதவிப் பேராசிரியர் இந்த வினையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. உலோகவியல் பாடத்தை மாணவர்கள் மனப்பாடம் செய்வதோடு நிறுத்திவிடுகிறார்கள். அலுமினியம் இரும்பைவிட வினைத்திறன் மிக்கது என்பதைக் கண்ணால் பார்த்தால் மறக்க மாட்டார்கள் என்றார். அதை யாரும் மறுக்கவில்லை. நானும் மறுக்க மாட்டேன்.

முன்தயாரிப்பு

திட்டமிடும்போதே சில நல்ல முடிவுகள் எடுக்கப்பட்டன. முதுகலை மாணவர் ஒருவர், ஃபெரிக் ஆக்சைடுக்குப் பதிலாகக் காப்பர் ஆக்சைடைப் பயன்படுத்தினால் இன்னும் ‘நல்லா இருக்கும்’ என்றாராம். அந்த வினை மிக வேகமானது. எரிவதைவிட வெடித்துச் சிதறுவதற்கே நெருக்கமானது. ஆசிரியர் உடனே மறுத்துவிட்டார். ஆய்வகத்துக்குள் செய்யலாம் என்ற யோசனையையும் துறைத் தலைவர் தள்ளிவிட்டு, கட்டடத்துக்குப் பின்னாலிருக்கும் திறந்த வெளியை ஒதுக்கினார்.

முந்தின வாரம் ஒத்திகை நடந்தது. கலவை ஐம்பது கிராம். அடியில் துளையுள்ள சிறிய மண் தொட்டியைத் தாங்கியில் நிறுத்தி, கீழே மணல் நிரப்பிய தட்டு வைத்தார்கள். மணல் ஆய்வகத்திலேயே பல வருடமாகத் தீயணைப்பு வாளியில் கிடந்த பழைய மணல். பற்றவைத்ததும் வெள்ளொளி, பொறி, துளை வழியாகச் சிவந்த சொட்டு, மணலில் ஒரு இரும்புக் கட்டி. எல்லாம் சில நொடிகளில் முடிந்தது.

ஒத்திகை இவ்வளவு ஒழுங்காக முடிந்ததுதான் பின்னால் நடந்ததற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அதன் பிறகு இரண்டு மாற்றங்கள் செய்யப்பட்டன. இருநூறு பேர் தள்ளி நின்று பார்க்க வேண்டும் என்பதால் கலவை ஐந்நூறு கிராமாக உயர்ந்தது. பெரிய தொட்டிக்குப் பெரிய தட்டு வேண்டும். ஆகவே சிமெண்ட் அள்ளும் இரும்புச் சட்டியை எடுத்து, வளாகத்தில் நடந்துகொண்டிருந்த கட்டட வேலைக்காகக் கொட்டியிருந்த குவியலிலிருந்து மணல் அள்ளினார்கள். இரண்டு மாற்றங்களும் சின்னவையாகவே தோன்றின. மறுபடி ஒத்திகை பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஆனால் வெளியாகும் வெப்பம் 200 கிலோஜூலிலிருந்து 2000 கிலோஜூலாகியிருந்தது. உருகி விழப்போகும் இரும்பு சுமார் 25 கிராமிலிருந்து 250 கிராமுக்கு மேல் போயிருந்தது.

அது நவம்பர் மாதம். இரண்டு நாள் முன்னால்தான் மழை ஓய்ந்திருந்தது.

அன்று காலை கவனிக்கப்பட்டவை

பார்வையாளருக்கான கயிறு முதலில் தொட்டியிலிருந்து ஐந்து மீட்டரில் கட்டப்பட்டிருந்தது. ஆய்வக உதவியாளர், அந்தத் துறையில் எல்லோரையும்விட அதிக காலம் வேலை பார்த்த பெண்மணி, அதை அவிழ்த்துப் பத்து மீட்டருக்கு நகர்த்தச் சொன்னார். பின்னால் நிற்கும் பிள்ளைகளுக்குத் தெரியாது என்று ஆட்சேபம் வந்தது. “தெரியலைன்னா பரவால்ல சார், வீடியோல பாத்துக்கட்டும்” என்று அவரே கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டார். ஏன் பத்து என்று கேட்டேன். கணக்கு எதுவும் இல்லை, ஐந்து பக்கமாகத் தோன்றியது என்றார். அன்று எடுக்கப்பட்ட முடிவுகளில் இதுவே சிறந்தது என்பது என் கணிப்பு.

இரண்டாவது விஷயம்தான் இந்த ஆய்வின் மையம். பேத்தியோடு வந்திருந்த ஒரு பெரியவர், ரயில்வே தண்டவாளப் பிரிவில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர், தொட்டியையும் சட்டியையும் பார்த்துவிட்டுக் கயிற்றருகே வந்தார்.

“சார், மணல் காஞ்சிருக்கா?”

“காஞ்சிருக்குங்க ஐயா.” ஆசிரியர் மேல் மணலைக் கையால் தொட்டுப் பார்த்துத்தான் சொன்னார். காலை வெயிலில் மேற்பரப்பு உலர்ந்து பொலபொலவென்று இருந்தது.

“அடியில?”

அதற்குள் அடுத்த பள்ளிப் பேருந்து வந்துவிட்டது. ஆசிரியர் தலையசைத்துவிட்டு அந்தப் பக்கம் போனார். பெரியவரும் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. “படிச்சவங்க, தெரிஞ்சுதான் செய்வாங்கன்னு இருந்துட்டேன்” என்று என்னிடம் சொன்னார்.

பாதுகாப்பு உடையைப் பொறுத்தவரை, ஆசிரியர் பருத்தி மேலங்கியும் வெல்டிங் கண்ணாடியும் அணிந்திருந்தார். காலில் கணுக்காலை மூடாத தோல் செருப்பு. உதவிக்கு நின்ற முதுகலை மாணவர் பாலியெஸ்டர் சட்டை போட்டிருந்தார். தீயணைப்புக்கென அலுவலகத்திலிருந்து ஒரு கார்பன் டை ஆக்சைடு உருளையும், உதவியாளர் தானாகக் கொண்டுவந்து வைத்த இரண்டு வாளி உலர் மணலும் இருந்தன. அந்த வாளி மணல், ஒத்திகையில் பயன்பட்ட அதே பழைய ஆய்வக மணல்.

பற்றவைத்த பிறகு

பற்றவைப்புக் கலவையைத் தூண்டிவிட்டு ஆசிரியரும் மாணவரும் பின்வாங்கினார்கள். ஒத்திகையில் சில நொடிகளில் பற்றியது, இப்போது பற்றவில்லை. காணொளியில் பார்த்தால் கிட்டத்தட்ட அரை நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. கூட்டத்தில் சிரிப்பும் விசிலும் கேட்கிறது. ஆசிரியர் தொட்டியை நோக்கி இரண்டு எட்டு வைக்கிறார்.

“சார், போகாதீங்க!” உதவியாளரின் குரல் காணொளியில் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. ஆசிரியர் நின்றார். நின்ற இடம் தொட்டியிலிருந்து சுமார் மூன்று மீட்டர். அடுத்த சில நொடிகளில் கலவை பற்றிக்கொண்டது. அவர் தொடர்ந்து நடந்திருந்தால் அந்த நேரத்தில் தொட்டியின் மேல் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார். கணுக்கால் காயத்தைவிட இதுவே பெரிய ஆபத்து என்று நினைக்கிறேன். ஆனால் கல்லூரியின் முதல் அறிக்கையில் இது இடம்பெறவே இல்லை.

வினை தொடங்கியதும் எதிர்பார்த்தபடியே வெள்ளொளியும் புகையும் வந்தன. பிறகு தொட்டியின் துளை வழியாக இரும்பு சட்டிக்குள் கொட்டியது. அது விழுந்த மறுகணம் ‘டம்’ என்று ஒரு சத்தம். சட்டியிலிருந்து மணலும் சிவந்த துளிகளும் குடை விரிந்தாற்போல மேலெழுந்து சிதறின. தொடர்ந்து சிறிதாக இன்னும் இரண்டு வெடிப்புகள். தொட்டி இரண்டாக உடைந்து சட்டிக்குள் விழுந்தது.

பிறகு அளந்து பார்த்ததில், உறைந்த இரும்பு மணிகள் ஆறு மீட்டர் வரை கிடந்தன. சூடு தணிந்த மணல் கயிறு வரை வந்திருந்தது; முன்வரிசையில் நின்ற சில பிள்ளைகள் முகத்தில் மணல் பட்டதாகச் சொன்னார்கள். கயிறு ஐந்து மீட்டரில் இருந்திருந்தால் வந்திருப்பது மணல் மட்டுமல்ல.

அடுத்த அரை மணி நேரம்

ஒரு துளி ஆசிரியரின் செருப்புக்குள் விழுந்து கணுக்காலுக்கும் தோல் வாருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. இன்னொன்று மாணவரின் சட்டைக் கையில் ஓட்டை போட்டு, தோலைத் தொடாமல் கீழே விழுந்தது. தொட்டிக்குப் பக்கத்தில் காய்ந்த புல் இரண்டு இடத்தில் பற்றியது.

அலுவலக உதவியாளர் கார்பன் டை ஆக்சைடு உருளையைத் தூக்கிக்கொண்டு சட்டியை நோக்கி ஓடினார். வேறொருவர் குழாயடியிலிருந்து தண்ணீர் வாளியோடு வந்தார். ஆய்வக உதவியாளர் இருவரையும் தடுத்தார். சரியான முடிவு. தெர்மைட்டுக்குக் காற்றிலுள்ள ஆக்சிஜன் தேவையில்லை, ஆக்சைடிலேயே இருக்கிறது. காற்றைத் துண்டிக்கும் உருளையால் அதை அணைக்க முடியாது, வேகமாக வரும் வாயு சூடான துளிகளைத் தள்ளிவிடும் வாய்ப்பும் உண்டு. தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும் என்பதற்கு அப்போதுதான் எல்லோரும் சாட்சியாக இருந்தார்கள். சட்டியை அப்படியே விட்டுவிட்டு, பற்றிய புல்லின் மேல் மட்டும் வாளி மணலைக் கொட்டினார்கள்.

காயத்துக்கு யாரோ பற்பசை கொண்டுவந்தார்கள். எந்தக் கல்லூரியிலும் எந்தத் தீக்காயத்துக்கும் பற்பசையோ மையோ எங்கிருந்தோ வந்துவிடுகிறது. துறைத் தலைவர் அதை வாங்கி வைத்துவிட்டு, ஆசிரியரைக் குழாயடியில் உட்கார வைத்து இருபது நிமிடம் ஓடும் தண்ணீரில் காலைப் பிடிக்கச் செய்தார். பிறகு சுத்தமான துணியை மேலாகப் போர்த்தி அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். நாணய அளவுக் காயம்தான், ஆனால் ஆழமானது. ஆற மூன்று வாரத்துக்கு மேல் ஆனது, தழும்பு இருக்கிறது.

மதியம் இரண்டாவது பள்ளிக் கூட்டத்துக்கு அதே காட்சி மறுபடி நடக்கவிருந்தது. அதற்கான கலவையும் எடை போட்டுத் தயாராக இருந்தது. துறைத் தலைவர் ரத்து செய்தார். ‘மணலை மாற்றிவிட்டுச் செய்யலாமே’ என்று கேட்டவர்களிடம், காரணம் மணல்தான் என்பது இன்னும் ஊகம், ஊகத்தை நம்பிப் பிள்ளைகளை நிறுத்த முடியாது என்றாராம்.

ஏன் தெறித்தது

மாலையில் சட்டி முழுக்க ஆறியபின் பெரியவரே வந்து மணலைக் கிளறிக் காட்டினார். மேலே இரண்டு விரல்கடை வரை உலர்ந்த மணல். அதற்குக் கீழே பிடித்தால் கையில் உருண்டையாக நிற்கும் ஈரம். “காய்ஞ்ச எண்ணெயில ஈரக் கரண்டிய விட்ட மாதிரிதான் சார். இது எண்ணெய் இல்ல, இரும்பு” என்றார்.

சட்டியில் மிஞ்சிய அடிமணலை எடை போட்டு, வெப்பக் காற்று அடுப்பில் 105 டிகிரியில் உலர்த்தி மறுபடி எடை போட்டார்கள். நூறு கிராமுக்கு ஏறத்தாழ ஐந்து கிராம் குறைந்தது. கேட்கக் குறைவாகத் தோன்றும். ஆனால் ஐந்து கிராம் தண்ணீர் ஆவியானால் நூறு டிகிரியிலேயே எட்டு லிட்டருக்கு மேல் இடம் வேண்டும். உருகிய இரும்பு மணலைத் துளைத்து அந்த ஈர அடுக்கைத் தொட்டபோது, ஆவி மேலே இருந்த இரும்பையும் மணலையும் தள்ளிக்கொண்டுதான் வெளியேற முடியும். அந்த வெப்பத்தில் நீராவி இரும்போடு வினைபுரிந்து ஹைட்ரஜனும் உண்டாகலாம். ஆனால் இங்கே நடந்ததை விளக்க ஆவி ஒன்றே போதும்.

ஒத்திகையில் ஏன் தெறிக்கவில்லை என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. பழைய மணலில் ஈரம் இல்லை. ஈரமான மணலையே பயன்படுத்தியிருந்தாலும், 25 கிராம் இரும்பு உலர்ந்த மேலடுக்கிலேயே உறைந்து நின்றிருக்கலாம். அளவு பத்து மடங்கானதும், மணல் மாறியதும் தனித்தனியாகத் தாங்கக்கூடியவையாக இருந்திருக்கலாம். அன்று இரண்டும் சேர்ந்து வந்தன.

பற்றத் தாமதமானதற்கு உறுதியான காரணம் கிடைக்கவில்லை. பற்றவைப்புக் கலவை காலையிலேயே திறந்து வைக்கப்பட்டிருந்தது, மழைக்காலக் காற்றில் அதுவும் ஈரம் வாங்கியிருக்கக்கூடும்.

ரயில்வே முறையும் இந்தச் செயல்விளக்கமும்

பெரியவரிடம் நீண்ட நேரம் பேசினேன். தண்டவாளத்தில் இதே வினையை வருடக்கணக்கில், சில அடி தூரத்தில் நின்று செய்தவர். அவர் சொன்னதில் பாதிக்கு மேல் ஈரத்தைப் பற்றித்தான். மழையில் வெல்டிங் கிடையாது. ‘போர்ஷன்’ எனப்படும் கலவைப் பொட்டலம் ஈரம் பட்டிருந்தால் ஓரமாக வைத்துவிடுவார்கள். குகையை, அதாவது கலவை எரியும் பாத்திரத்தை, சூடாக்கி உலர்த்திவிட்டுத்தான் கலவை கொட்டுவார்கள். தண்டவாள முனைகளுக்கு நடுவே 25 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, சுற்றி வார்ப்பு அச்சைக் கட்டி, இரும்பு வார்ப்பதற்கு முன் முனைகளை 600 டிகிரி அளவுக்குச் சூடேற்றுவார்கள். நல்ல இணைப்புக்காகச் செய்வது அது. ஈரமும் அதிலேயே போய்விடுகிறது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. போர்ஷனில் ஆக்சைடும் அலுமினியமும் மட்டும் இருப்பதில்லை. எஃகுத் துண்டுகளும் கலப்பு உலோகங்களும் சேர்க்கப்பட்டிருக்கும். அந்த எஃகு உருகும்போது வெப்பத்தை எடுத்துக்கொள்வதால் வினை மட்டுப்படுகிறது. நாம் வகுப்பில் காட்டும் வெறும் கலவை, தொழிலில் பயன்படுத்துவதைவிட அடங்காதது. ‘ரயில்வேயில் தினமும் செய்கிறார்கள், நாம் செய்யக்கூடாதா’ என்று கேட்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

பின்னர்

முதல்வர் தொடக்கத்தில் எழுத்துபூர்வமான பதிவு வேண்டாம் என்றார். பெரிய காயமில்லை, பள்ளிகளுக்குத் தெரிந்தால் அடுத்த வருடம் அனுப்ப மாட்டார்கள் என்பது அவர் கவலை. துறைத் தலைவர் உடன்படவில்லை. வந்திருந்த பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கு அன்று மாலையே தொலைபேசியில் நடந்ததைச் சொல்லிவிட்டார். மணல் பட்ட பிள்ளைகளின் கண்களைப் பார்க்கும்படியும், ஒளியை நேராகப் பார்த்தவர்களுக்குக் கண் உறுத்தல் இருந்தால் மருத்துவரிடம் காட்டும்படியும் கேட்டுக்கொண்டார். ஒரு பள்ளி கோபமாகப் பேசியது. மற்றவை பதிவு செய்துகொண்டன. முதல்வரும் பிறகு சம்மதித்தார்.

சட்டை எரிந்த மாணவரின் தாயார் மறுநாள் துறைக்கு வந்தார். “என் புள்ளய ஏன் சார் அங்க நிக்க வெச்சீங்க?” என்ற கேள்விக்குத் துறையில் யாரிடமும் பதில் இல்லை. பற்றவைத்த பிறகு செய்வதற்கு அந்த மாணவருக்கு அங்கே எந்த வேலையும் இருக்கவில்லை.

அடுத்த ஆண்டுத் திறந்த நாளில் வேறு வழியில் காட்டினார்கள். துருப்பிடித்த இரண்டு கனமான இரும்புக் குண்டுகள்; ஒன்றின் மேல் அலுமினியத் தாள். இரண்டையும் சாய்வாக உரசி மோதவிட்டால் மோதும் புள்ளியில் மட்டும் துருவும் அலுமினியமும் வினைபுரிந்து, பளிச்சென்று ஒரு பொறியும் சொடுக்குச் சத்தமும் வரும். அதே தெர்மைட் வினைதான், மில்லிகிராம் அளவில். கண்ணாடி அணிந்து பிள்ளைகளே வரிசையில் வந்து செய்து பார்த்தார்கள். பெரிய அளவில் எப்படி இருக்கும் என்பதற்குத் தண்டவாள வெல்டிங் காணொளியை ஓடவிட்டு, பெரியவரைப் பக்கத்தில் நின்று விளக்கச் சொன்னார்கள். கைதட்டல் குறைவுதான் என்றார் துறைத் தலைவர். கேள்விகள் அதிகம் வந்தனவாம்: தாள் இல்லாமல் மோதினால் ஏன் வரவில்லை, துரு இல்லாத குண்டானால் என்ன, செம்பு தாள் சுற்றினால் வருமா? வினைத்திறன் வரிசை என்ற பாடம் முழுக்க இந்த மூன்று கேள்வியில் இருக்கிறது.

மாற்ற வேண்டியவை

துறை எழுதிய புதிய விதிமுறையைப் பார்த்தேன். நீளமானது, அதில் பாதி யாரும் படிக்கப்போவதில்லை. உண்மையில் வேலை செய்யக்கூடியவை என்று எனக்குப்பட்டவற்றை மட்டும் சொல்கிறேன்.

ஒத்திகைக்குப் பின் அளவோ பொருளோ பாத்திரமோ எது மாறினாலும் அது புதிய செய்முறை. ஆளில்லாத இடத்தில் மறுபடி ஒத்திகை பார்க்காமல் மேடைக்கு வரக்கூடாது. மணலை அடுப்பில் உலர்த்தி மூடிய டிரம்மில் வைத்து, அன்று காலை அடிவரை கைவிட்டுப் பார்க்க வேண்டும். பற்றாவிட்டால் யாரும் நகரக்கூடாது. எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதை முன்கூட்டியே எழுதி வைத்து, கடிகாரத்தைப் பார்வையாளரில் ஒருவர் அல்லாமல் ஆய்வக உதவியாளர் பிடிக்க வேண்டும். நிறுத்தச் சொல்லும் அதிகாரமும் அவருக்கே எழுத்தில் தரப்பட்டிருக்கிறது. அன்று அவர் கத்தியபோது அந்த அதிகாரம் அவரிடம் இல்லை. ஆசிரியர் அந்தச் சொல்லை மதித்து நின்றது அவருடைய நல்ல குணம்.

பார்வையாளர் தூரம் பற்றி ஒரு வார்த்தை. 2014 ஜனவரியில் நியூயார்க் பள்ளி ஒன்றில் மெத்தனால் கொண்டு வண்ணச் சுடர் காட்டியபோது இரண்டு மாணவர்கள் தீக்காயமடைந்தார்கள். அது வேறு வினை, வேறு பொருள். ஆனால் அங்கும் மாணவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். நம் வகுப்பறைகளில் முன்பெஞ்சு செய்முறை மேசையை ஒட்டியே இருக்கிறது.

காயமடைந்த ஆசிரியர் இன்னும் ஒரு விஷயத்தில் உடன்படவில்லை. உலர்ந்த மணலில், ஐம்பது கிராமுக்கு மிகாமல், கணுக்கால் மூடிய காலணியோடு, பத்து மீட்டருக்கு அப்பால் கூட்டத்தை நிறுத்தி இதைக் காட்டலாம். பயந்து விட்டுவிட்டால் மாணவர்கள் மறுபடி அந்தச் சில வரிகளைத்தான் மனப்பாடம் செய்வார்கள் என்கிறார். துறைத் தலைவர் திறந்த நாளில் கூடாது, முதுகலை வகுப்புக்கு மட்டும் அனுமதிக்கலாம் என்கிறார். நான் துறைத் தலைவர் பக்கம். பேருந்து வந்துகொண்டும் கூட்டம் விசிலடித்துக்கொண்டும் இருக்கும் நாளில் அடிமணலைத் தொட்டுப் பார்க்க யாருக்கும் நேரம் இருப்பதில்லை. இது எழுதும்வரை முதுகலை வகுப்புக்கான அனுமதியும் வரவில்லை. மதியக் காட்சிக்குக் கலந்து வைத்திருந்த கலவையைப் பெரியவரின் யோசனையைக் கேட்டு, சிறு சிறு பங்காக, வறண்ட நாளில், ஆளில்லாத இடத்தில் எரித்துத் தீர்த்தார்கள். மீதி அலுமினியத் தூள் பூட்டிய அலமாரியில் இருக்கிறது. சாவி துறைத் தலைவரிடம், பதிவேடு ஆய்வக உதவியாளரிடம்.